தாயின் கையெழுத்துப் புதிராகலாமா?

(ஓசூரில் தமிழன்பர்கள் கூடிய திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே! தாய்மார்களே! தொழிலகத்தில் இரவு முறை முடித்து, உறங்காத கண்களோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் இளந்தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களுட் சிலர் முகத்தில் நகை அரும்பியதைக் கண்டேன். தமிழ் வளர்க்கக் கூடிய கூட்டத்தில், தலை நரைத்த ஒருவன், கணினித் திரையில் சிறுவர் ஆடும் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்பது உங்கள் நகையின் பொருள். அந் நகை முறையானதே. ஆறு திங்களுக்கு முன் வேறொருவர் இதே பொருளைப் பேச எழுந்திருந்தால் நானும் நகைத்திருப்பேன். ஆயினும் நான் சொல்லப்போவது விளையாட்டைப் பற்றி மட்டுமன்று. நம் வீட்டு அடுக்களையில், நம் கண்முன்னேயே, ஓசையின்றி நடந்து கொண்டிருக்கும் ஓர் இழப்பைப் பற்றியது. அதனைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் பின்னர் நகைப்பதா நாணுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவ் விளையாட்டின் பெயர் 'வெண்பா'. ஆம், நம் யாப்பிலக்கணம் கூறும் அதே வெண்பாதான். கனடா நாட்டுத் தொரண்டோ நகரில், 'விசை' என்று நம் செவிக்கு இனிதாய் ஒலிக்கும் பெயரைச் சூடிய சிறு குழுவொன்று அதனை உருவாக்கிற்று. அக் குழுவை நடத்தும் அபி என்னும் இளைஞர் தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர். 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே, தனி முயற்சியாளர் ஆக்கும் விளையாட்டுகளுக்கென அமெரிக்காவில் நடக்கும் விழாவின் பெரும்பரிசு அதற்குக் கிடைத்தது. பாப்தா எனப்படும் பிரித்தானியத் திரைக்கலைக் கழகம், முதன்முதல் ஆக்கிய விளையாட்டுக்கு வழங்கும் விருதையும் 2024-இல் அதற்கே வழங்கிற்று. சுடுகலனும் குருதியும் நிறைந்த விளையாட்டுகள் கோடிகோடியாய் விலைபோகும் ஓர் உலகில், இட்டிலி அவிக்கும் தமிழ்த்தாய் ஒருத்தியின் கதை இத்தனை பெரிய அவைகளில் ஏறி நின்றது.

கதை எளியது. 1980-களில் தமிழ்நாட்டினின்று கனடாவிற்குக் குடிபெயர்ந்த ஓர் இணையர். மனைவி வெண்பா, கணவர் பாவலன். அங்கே அவர்க்குப் பிறக்கும் மகன் கவின். வேலையின்மை, பொருட்குறை, தனிமை, ஊர் திரும்பலாமா என்னும் தவிப்பு ஆகிய இவற்றுக்கிடையே அவள் சமைக்கின்றாள். அவள் தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு ஒன்று அவளிடம் உண்டு. அதிற் சில இடம் கிழிந்துபோயிற்று. சில இடம் கறைபட்டு அழிந்துபோயிற்று. அழிந்துபோன படியை ஆடுவோர் தாமே உய்த்துணர்ந்து சமைத்தாக வேண்டும். இட்டிலித் தட்டுகளை எம் முறையில் அடுக்கினால் கீழ்த்தட்டில் உள்ளவை நசுங்காமல் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும்? புட்டுக்குழலில் எதனை முதலில் இட்டு எதனைப் பின்னர் இட வேண்டும்? இவையே புதிர்கள். இட்டிலி, புட்டு, பிரியாணி, தோசை என ஒவ்வோர் உணவாகச் சமைக்கச் சமைக்க, ஆண்டுகள் உருள்கின்றன, மகன் வளர்கின்றான், வளர வளரத் தாய்மொழியினின்றும் தாயினின்றும் விலகுகின்றான்.

தோழர்களே! அம் மூன்று பெயர்களையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். வெண்பா, பாவலன், கவின். மூன்றும் தூய தமிழ்ப் பெயர்கள். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தால் ஊர்தோறும் தமிழ்ப் பெயர்கள் தழைத்தனவே, அத் தழைப்பின் ஓர் இலை கனடாப் பனியிலும் போய் விழுந்திருக்கின்றது. ஆனால், அங்கே நேர்ந்ததைக் கேளுங்கள். கவின் என்னும் அழகிய பெயர், பள்ளித் தோழர் வாயிற் பட்டுக் 'கெவ்' என்று குறுகுகின்றது. பெற்றோர் தேர்ந்து சூட்டிய பெயரைப் பிள்ளையே நறுக்கி எறிகின்றான். பெயர் வைப்பதோடு நம் கடமை முடிந்தது என்று மாலையிட்டு மகிழ்வார்க்கு இது முதல் அறை.

இனி, இவ் விளையாட்டை ஆடியோர் என்ன சொல்கின்றனர் என்பதைப் பார்ப்போம். பல நாட்டார் எழுதிய கருத்துகளை என் பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். அன்றியும், நம் ஊர் இளைஞர் சிலரை என் இல்லத்திற்கே அழைத்து ஆடச் செய்து, அவர் சொன்னவற்றையும் கேட்டேன். எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தால் மூன்று கருத்துகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒன்று: விளையாட்டு மிகக் குறுகியது. இரண்டு: புதிர்கள் மிக எளியவை. மூன்று: கண்ணீர் வந்தது. மூன்றையும் ஒவ்வொன்றாக ஆய்வோம்.

முதற் கருத்து, குறுமை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், மெல்ல ஆடினால் ஒன்றரை மணி நேரத்தில் அது முடிந்துவிடுகின்றது. கொடுத்த விலைக்கு இது போதாது என்று குறைபடுவோர் பலர். பொருத்துநர் பிரிவில் வேலை பார்க்கும் நம் தோழர் ஒருவரும், "தொடங்கியதும் முடிந்துவிட்டதே ஐயா, இன்னும் பத்து உணவாவது இருந்திருக்கலாம்" என்றார். நாள் முழுதும் உழைத்துப் பொருளீட்டுவார் விலைக்கேற்ற அளவு கேட்பதில் தவறில்லை. ஆயினும் அவர்க்கு நான் சொன்ன விடை, அவ் விளையாட்டின் பெயரிலேயே இருக்கின்றது. வெண்பா என்பது யாது? நெகிழ்ச்சிக்கு இடங்கொடாத கட்டுடைய பா. பிற தளை விரவாமல் வெண்டளையே பயிலும் பா. மற்றை அடிகள் நாற்சீர் பெற, ஈற்றடி மட்டும் முச்சீரில் நின்றுவிடும் பா. இன்னும் ஒரு சீர் வாராதா என்று செவி ஏங்கும் இடத்தில் அது முடிந்துவிடுகின்றது. அவ் வேக்கமே அதன் ஓசை. குறள் வெண்பாவோ ஏழே சீர். ஏழு சீரில் உலகை அளந்த மொழிக்கு உரியவர் நாம், குறுமையைக் குறையென்று கூறலாமா? தாயோடு பிள்ளை இருக்கும் காலமும் அத்தகையதுதான். இன்னும் சிறிது இருந்திருக்கலாமே என்று எண்ணும்போது அது முடிந்துபோயிருக்கும்.

இரண்டாங் கருத்து, எளிமை. புதிர் என்று சொல்கின்றனர், ஆனால் அறிவுக்கு வேலையில்லை என்கின்றனர் சிலர். புதிர் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் யாப்பின் வகை ஏழனுள் ஒன்றாகப் 'பிசி' என்பதை வைத்தது. அதுவே நம் பாட்டிமார் வாயில் விடுகதையாய், வெடியாய், அழிப்பாங்கதையாய் வழங்கிற்று. விடுகதையின் இயல்பு என்ன? விடையறிந்தவனுக்கு அது எளிது, அறியாதவனுக்கு மலை. இட்டிலித் தட்டை அடுக்குவது நமக்கு எளிது. இட்டிலியையே காணாத வெளிநாட்டார் சிலர், ஆவி எவ்வாறு ஏறும் என்று எண்ணி எண்ணித்தான் அடுக்கினர். ஆகவே எளிமை என்பது புதிரில் இல்லை. ஆடுவோன் எங்கே பிறந்தான் என்பதில் இருக்கின்றது.

ஆயினும் அவ் விளையாட்டில் ஓர் இடம் உண்டு. அங்கே புதிர் உண்மையிலேயே கடுமையாகின்றது. பிற்பகுதியில் தாய் ஒதுங்க, வளர்ந்த மகன் கவின் சமைக்க முனைகின்றான். அதே குறிப்பேடுதான். ஆனால், இப்போது இடர் கிழிசலிலும் கறையிலும் மட்டும் இல்லை. எழுத்து தமிழ், அவனுக்கோ தமிழ் அரைகுறை. பாட்டி எழுதியது அங்கே இருக்கின்றது, கண்ணுக்குத் தெரிகின்றது, ஆனால், அவனுக்கு அது முழுதாய் விளங்கவில்லை. தாள் கிழிந்தால் ஒட்டலாம். மை அழிந்தால் ஊகிக்கலாம். படிப்பவன் உள்ளத்தில் மொழி அழிந்துவிட்டால் எதனைக் கொண்டு ஒட்டுவது? எளிய புதிர் என்று எழுதியோர் இவ் விடத்தைக் கண்டும் காணாமற் போயினர் என்றே நான் கருதுகின்றேன்.

மூன்றாங் கருத்து, கண்ணீர். இங்கேதான் வியப்பு. அழுதவர் தமிழர் மட்டுமல்லர். வெவ்வேறு நாடுகளினின்று குடிபெயர்ந்த குடும்பங்களில் பிறந்தோர் பலர், 'இவள் என் தாய்' என்னும் கருத்துப்பட எழுதியிருக்கின்றனர். வீட்டு உணவைப் பள்ளிக்குக் கொண்டுபோக நாணிய நாள்களை நினைந்து எழுதியிருக்கின்றனர். தாய் தன் மொழியில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் விடை சொன்ன குற்றத்தை நினைந்து எழுதியிருக்கின்றனர். ஒரு தமிழ்த்தாயின் அடுக்களை, உலகத்தார் தத்தம் தாயரை நினைக்கும் இடமாயிற்று. தமிழைத் தமிழாகவே வைத்ததனால்தான் அது உலகுக்கும் பொதுவாயிற்று. பெயரை மாற்றி, உணவை மாற்றி, வெளியார்க்கு விளங்க வேண்டுமே என்று நீர்த்துப்போகச் செய்திருந்தால், எவர் கண்ணிலும் ஒரு துளி வந்திராது.

இனி நம் ஊருக்கு வருவோம். கனடாக் கதை நமக்கெதற்கு, நாம் கடல் கடக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கடல் கடக்கவில்லை; உண்மைதான். ஆனால், நம்முள் எத்தனை பேர் பிறந்த ஊரிலேயே இருக்கின்றோம்? 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே எழுந்த பின்னர், தருமபுரியினின்றும் சேலத்தினின்றும் வேலூரினின்றும் தென்மாவட்டங்களினின்றும் வந்து குடியேறினோம். இன்று சரக்குந்தும் ஈருருளியும் கைக்கடிகாரமும் இவ்வூரினின்று நாடெங்கும் போகின்றன. 2004-இல் தனி மாவட்டமான கிருட்டிணகிரியில், இப்போது கைப்பேசி உறுப்புகளும் மின் ஈருருளிகளும் ஆகின்றன. ஊர்விட்டு ஊர் வந்து விடுதிகளில் தங்கி, பல்லாயிரம் பெண்கள் உழைக்கின்றனர். எல்லைக்கப்பால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூர் நம் பிள்ளைகளை ஈர்க்கின்றது. பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்க வேண்டுமென்று ஆங்கிலப் பள்ளியைத் தேடுகின்றோம். பிள்ளை முன்னேற வேண்டும் என்று பெற்றோர் விரும்புவதைப் பழிக்க நான் வரவில்லை. வெண்பாவும் பாவலனும் அதற்காகத்தான் கடல் கடந்தனர். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஏறும் ஏணியின் கீழ்ப்படியை வெட்டித்தான் மேற்படியில் ஏற வேண்டுமா?

என் இல்லத்தில் நடந்ததையே சொல்கின்றேன். பிறர் வீட்டுக் குறையைச் சொல்வதினும் அது மேல்.

என் துணைவியார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்று அடுக்களைப் பேழையில் இருந்தது. வெண்பா விளையாட்டை ஆடி முடித்த மறுநாள், என் பேரன் அதனை எடுத்துக்கொண்டு வந்தான். "தாத்தா, பாட்டி செய்யும் களியை நான் செய்து தருகின்றேன்" என்றான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, பேச்சிற் குறையில்லை, பள்ளியில் முதன்மையானவன். ஏட்டை விரித்தான்; விழித்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். அச்செழுத்துக் கொஞ்சம் தெரியும். கையெழுத்து அவனுக்குக் காடாயிருந்தது. 'உரி கேழ்வரகு மாவு, ஆழாக்கு நொய்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "உரி என்றால் தோலை உரிப்பதா?" என்று கேட்டான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்னும் கணக்கை அவனுக்கு எவர் சொன்னார்? பள்ளியைக் குறை கூறேன்; நானே சொல்லவில்லையே!

"நானே பார்த்துக்கொள்கின்றேன்" என்று அடுப்பை மூட்டினான். நொய் வெந்தது. மாவைக் கொட்டினான். கொட்டியவுடன் துடுப்பை எடுத்துக் கிண்டினான். களி கட்டி கட்டியாய்த் திரண்டது. உள்ளே பச்சை மாவு. உண்ண முடியவில்லை. அவன் முகம் வாடிற்று. நான் ஏட்டை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவன் படிக்க மாட்டாமல் தாண்டிய வரி ஒன்று அங்கே இருந்தது. மாவைக் குவியலாக இட்டு, நடுவில் துடுப்புக் காம்பால் துளையிட்டு, மூடி வேகவிட்டு, அதன் பின்னரே கிண்டுக என்று எழுதி, 'உடனே கிண்டாதே' என்பதன் கீழே இருமுறை கோடும் இழுத்திருந்தார். அவ் வரியைப் படித்ததும் எனக்குக் குரல் எழவில்லை. நான்காண்டுகளுக்குப் பின் என் துணைவியார் பேரனிடம் பேச முயன்றிருக்கின்றார். அவன் எதிரிலேயே நின்றிருந்தும், அவர் சொன்னது அவன் செவிக்கு எட்டவில்லை.

தோழர்களே, அதுதான் புதிர்! அதனை உருவாக்கியவர் கனடாவில் இல்லை. அதனை உருவாக்கியவன் நான். மேடைதோறும் தமிழ் தமிழ் என்று முழங்கிவிட்டு, இரவு வீடு திரும்பி, பேரனுக்கு ஒரு வரி கையெழுத்துப் படிக்கக் கற்பிக்காத நான்.

நம் வீட்டிற் கூடி ஆடியவர்களுள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பெண்ணும் ஒருத்தி. அவள் சொன்ன கருத்தையும் உங்கள்முன் வைக்கின்றேன். "எங்கள் அவ்வா தெலுங்குதான் பேசுவார், அவர்க்கு எழுதத் தெரியாது, எனக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் கிழிவதற்குக்கூட ஓர் ஏடு இல்லை" என்றாள். ஓசூர் மும்மொழி வழங்கும் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர். நம் தாய்மொழியை நாம் காப்பது எத்துணை முறையோ, அவர் தாய்மொழியை அவர் காப்பதும் அத்துணை முறையே. ஒரே கரணியத்தால் நலிகின்ற தாய்மொழிகள் ஒன்றற்கொன்று பகையாகா. அவ்வாவின் சொற்களை அவர் வாய்வழிக் கேட்டு எழுதி வை, முதலில் உனக்குத் தெரிந்த எழுத்திலேனும் எழுதி வை என்று அப் பெண்ணிடம் சொன்னேன்.

தமிழ் கற்பதற்குச் சட்டம் இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. வேண்டிய சட்டம், வரவேற்றோம். ஆனால், தேர்வுக்குப் படித்த தமிழ் தேர்வோடு போய்விடுகின்றது. அடுக்களைக்கும் படுக்கைக்கும் பாட்டியின் மடலுக்கும் பயன்படும் தமிழே நிலைக்கின்றது. அதனை எந்தச் சட்டமும் கற்பிக்காது. வீடுதான் கற்பிக்க வேண்டும்.

உணவு மட்டும் போதுமா என்று இங்குள்ள சிலர் கேட்கக்கூடும். இட்டிலி தின்பதால் ஒருவன் தமிழனாகிவிடுவானா என்று கேட்கக்கூடும். ஆகான். மொழி போன பின்னும் நாக்கிற் சுவை நிற்கும்; ஆனால், அது வேரற்ற மரத்தின் கடைசிப் பசுமை. வெண்பா விளையாட்டு நமக்குக் காட்டும் உண்மையும் அதுவே. அங்கே உணவின் திறவுகோல் எழுத்தில் இருக்கின்றது. எழுத்துப் போனால், காலப்போக்கில் சோறும் போகும். என் பேரனின் களி அதற்குச் சான்று.

ஆகவே, இளந்தோழர்களே, தாய்மார்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செயலன்று. ஊர்வலம் வேண்டா, உண்டியலும் வேண்டா. நாற்பது பக்க ஏடு ஒன்றை வாங்குங்கள். உங்கள் தாயார் இருந்தால் அவர் அருகே அமர்ந்து, அவர் சமையலையும் அவர் ஊர்ச்சொற்களையும் அளவுப் பெயர்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுத வல்லவராயின் அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். பின்னர் கிழமைக்கு ஒருநாள் உங்கள் பிள்ளையை அதிலிருந்து ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் செய்து, படித்ததைச் சமைக்கவும் செய்யுங்கள். பிழையாகப் படித்தால் சினவாதீர்கள். களி கட்டினாலும் உண்ணுங்கள்.

என் பேரன் இப்போது கிழமைதோறும் ஒரு பக்கம் படிக்கின்றான். சென்ற ஞாயிறன்று மீண்டும் களி செய்தான். மாவை இட்டு, துளையிட்டு, மூடிவிட்டு, துடுப்பைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு காத்து நின்றான். "ஏனப்பா நிற்கின்றாய்?" என்று கேட்டேன். "பாட்டி உடனே கிண்டாதே என்று சொல்லியிருக்கின்றார் தாத்தா" என்றான்.

சொல்லியிருக்கின்றார் என்றான், தோழர்களே! எழுதியிருக்கின்றார் என்று அவன் சொல்லவில்லை. அவ் வொரு சொல்லுக்காகவே இன்று உங்கள்முன் நின்றேன். நம் தாயர் சொன்னது நம் பிள்ளைகளின் செவிக்கு எட்டட்டும்.